நொய் போட்ட கூழ்

என் வாய் எனக்கே நாறியது.

பல் துலக்கியாயிற்று, நாக்கை வழித்தாயிற்று, ஏலக்காயை மென்று துப்பியாயிற்று. ஊறப்போட்ட துணியை இரண்டு நாள் மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அது உள்ளேயிருந்து வந்துகொண்டேயிருந்தது. கொழுப்பு கரைகிறபோது அப்படித்தான் இருக்கும் என்று டயட்டீஷியன் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் வாயா நாறுகிறது, நன்றாகச் சிரிக்கட்டும்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து சித்தூர் வீட்டில் வந்து இறங்கியதோடு இந்தத் தொடரை நிறுத்தியிருந்தேன். புதிதாக வந்தவர்களுக்கு நான்கு வரி. நான் பிரேமலதா. நகரியில் விசைத்தறி வீட்டில் பிறந்து சித்தூரில் வாழ்க்கைப்பட்டவள். தனியார் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். வகுப்பைவிட்டு வெளியே வந்ததும் பிள்ளைகள் 'டிரம் மேடம்' என்பது காதில் விழும். முப்பத்திரண்டு வயதில் நூற்றுப் பதினாலு கிலோ, சர்க்கரை, முட்டி வலி, நினைத்தால் வந்து நினைத்தால் நின்றுபோகிற மாதவிலக்கு. கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. எடை இறங்கினால்தான் வழி உண்டு என்று மூன்று டாக்டர்கள் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்.

ஒன்பது நாளைக்கு முன்னால் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் போல் தைத்து விட்டார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்ட வெட்டு இது. டல்லாஸில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் கணவர் ஹரிபாபுவும் சரி என்றார். அதனால் யாரையும் திட்ட முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

சொல்ல வேண்டியதையெல்லாம் டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வயிற்றில் ஐந்து ஓட்டை போடுவோம், காற்றை ஊதி உப்ப வைப்போம், அந்தக் காற்று நாலு நாள் தோளைக் குத்தும், சாயங்காலமே எழுந்து நடக்க வேண்டும் என்றார். எல்லாம் அப்படியே நடந்தது. ஏப்பத்தைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை. ஒரு வாய்த் தண்ணீருக்கு மூன்று ஏப்பம், மூன்றுக்கும் மூன்று விதமான நாற்றம். புரோட்டீன் பவுடர் டப்பாவைத் திறந்தால் வெனிலா வாடையில் குமட்டுகிறது. எதிர்வீட்டில் வெங்காயம் தாளித்தால் ஓடிப்போய் வாஷ்பேசின் முன் நிற்கிறேன். நான் சாப்பாட்டை ஆசையாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது என்றால் எனக்கே நம்பிக்கை இல்லை.

மருந்து பாட்டில் மூடியால் ஒரு மூடி, அதைக் கால் மணி நேரம் உறிஞ்ச வேண்டும். முதல் இரண்டு வாரம் தண்ணீராக ஓடுவது மட்டும். மெல்ல வேண்டிய எதுவும் உள்ளே போகக் கூடாது. 'காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, இடது தோளில் வலி, இந்த மூன்றில் எது வந்தாலும் ஓடி வந்துவிடு. உள்தையல் விட்டால் அங்கேயே கசியும், உயிருக்கு ஆபத்து' என்று டாக்டர் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினார்.

"இத்தப் போய் ஒரு மனுசிக்குக் குடுக்கறதா?"

என் மாமியார் சுந்தரம்மா டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நொய்யி இல்ல, ஒரு எழவும் இல்ல. செவப்புத் தண்ணி."

"ஜாவ அப்படித்தான் இருக்கணும் அத்தே."

அத்தைக்கு என் மேல் கோபமில்லை, ஜாவ மேல்தான் கோபம். டயட் பேப்பரில் தெலுங்கில் 'ராகி ஜாவ, வடிகட்டி' என்று போட்டிருந்தது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துச் சொன்னேன். கேழ்வரகு மாவை நீர்க்கக் காய்ச்சித் துணியில் வடிகட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஜாவ என்றால் அத்தைக்குக் கூழ். கூழ் என்றால் நொய்யரிசி குழைய வெந்து, ஒரு ராத்திரி புளித்து, மோர் கரைத்து, வெங்காயம் அரிந்து போட்டது.

நொய் இல்லாத கூழை அவர் தன் ஊரான பாலசமுத்திரத்தில் நாற்று நடப்போன வீடுகளில் குடித்திருக்கிறார். "நொய்ய மேல வடிச்சி அவங்க எடுத்துக்கினு, அடித்தண்ணிய எங்களுக்கு ஊத்துவாங்க. அதுவும் கொல்லையில நிக்க வெச்சி." சொல்லும்போதெல்லாம் மூக்கு விடைக்கும். மகன் அமெரிக்கா போய், வீட்டுக்கு கிரானைட் தரை போட்ட பிறகு, அதே தண்ணீரைத் தன் மருமகளுக்குத் தன் கையால் ஊற்றுவது அவருக்குப் பெரிய தலைகுனிவு. இதை நான் புரிந்துகொண்டேன். இதற்குமேல் அவர் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்கு நடந்த ஆபரேஷன் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பித்தப்பையில் கல் என்று அத்தை சொல்லி வைத்திருந்தார். காரணம் என் நாத்தனார் பிரீத்தி. அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், டல்லாஸ் மாப்பிள்ளை ஒருவன் பேச்சில் இருக்கிறான். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தது அத்தையின் அக்கா பொன்னியம்மா. "வயித்த அறுத்துக்கினு இளைக்கற வூடுன்னு தெரிஞ்சா அவங்க வருவாங்களா? 'இப்பவே இப்டின்னா, பொண்ணு நாளைக்கு எப்டி ஊதுமோ'ன்னு கேப்பாங்க" என்பது அத்தையின் கணக்கு. பிரீத்தி என் இரத்தமா, நான் ஊதினால் அவள் ஊத? கேட்கத்தான் நினைத்தேன். ஏப்பம் வந்து கெடுத்தது.

அந்தப் பொன்னியம்மா பெரியத்தைதான் திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் காரில் வந்து இறங்கினார்.

முந்தின நாள் ஆடி மூன்றாம் ஞாயிறு, பாலசமுத்திரத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றியிருந்தார்கள். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் மகன் பிரபாகர் கார் ஓட்ட, பெரியத்தை மடியில் ஒரு பித்தளைச் சொம்பை வேப்பிலை சொருகிக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னா பிரேமா, கல்லு எடுத்தாங்களாமே. எங்க அந்தக் கல்லு? எடு, பாப்போம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "ஆஸ்பத்திரியிலயே வெச்சிக்கினாங்கக்கா."

"எதுக்கு? மோதரத்துல வெச்சிப் போட்டுக்கவா?"

பிரபாகர் சிரித்தான். பெரியத்தை சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்லு எடுத்த நம்ம கிருஷ்ணம்மா நாலாம் நாளே கறி துன்னா. நீ இன்னா ஒம்போது நாளாவுது, கண்ணு குழிஞ்சி கெடக்கற?"

"வாய்க்குப் பிடிக்கலை பெரியத்தே."

"புடிக்கும், புடிக்கும். இது புடிக்கும்." சொம்பின் துணியை அவிழ்த்தார். புளித்த வாடை எழுந்து என் முகத்தில் அடித்தது. எச்சில் சுரந்தது, ஆசையில் அல்ல. "உம் பேர்ல ஊத்தின கூழு. அடுத்த ஆடிக்கு இவ கையில புள்ளையோட வந்து ஊத்தணும் தாயேன்னு வேண்டிக்கினு ஊத்தினேன். ஊர் மொத்தமும் குடிச்சிது. நீ குடிக்கலன்னா எப்டி?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை ஜன்னலைப் பார்த்தார்.

"பெரியத்தே, டாக்டர் இப்போதைக்கு ஜாவ மட்டும்தான் குடிக்கச் சொல்லியிருக்கார்."

"அட, இது இன்னாவாம்? தெலுங்குல ஜாவ, நம்ம வாயில கூழு. ஏ சுந்தரா, சொல்லேன்."

"ஆமா பிரேமா. ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் அத்தை. அவர் பொய் சொல்லவில்லை. சத்தியமாக ஒன்று என்றுதான் நினைத்தார். சொல்லப்போனால், இத்தனை நாள் கழித்து மருமகள் வாயில் நொய் போட்ட கூழ் படப்போகிறதே என்று அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. "ஒரு வாய் குடிச்சிடு. சாமிது."

பெரியத்தை சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றி நீட்டினார். உள்ளே பார்த்தேன். வீங்கின நொய், இடையிடையே வெங்காயம், மேலே ஒரு வேப்பிலைத் துணுக்கு. வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கும் சபலம் தட்டியது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எட்டு வருஷமாக எத்தனை மருந்து, எத்தனை கோவில். ஒரு வாய்தானே என்று உதட்டில் வைத்தேன்.

பெரியத்தை டம்ளரின் அடியைப் பிடித்து மேலே தூக்கினார். "நெறைவா குடிக்கணும்டி. எச்சம் வெக்கக் கூடாது."

கொழகொழவென்று அரை டம்ளர் உள்ளே போய்விட்டது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு நெஞ்சுக்குழியில் ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் யாரோ முழங்கையால் அழுத்துகிற வலி. வாயில் எச்சில் ஊறியது, விழுங்க முடியவில்லை. சோப்பு நுரையாட்டம் பொங்கி வந்தது. எழுந்து ஓட முட்டி ஒத்துழைக்கவில்லை. எதிரே டீப்பாய் மேல் இருந்தது சொம்பு ஒன்றுதான்.

அம்மன் சொம்பில் வாந்தி எடுத்தேன்.

நுரை, நொய், வெங்காயம், அப்புறம் மஞ்சளாக ஏதோ. வந்தது கொஞ்சம்தான். மிச்சம் உள்ளேயே அடைத்துக்கொண்டு கிடந்தது. மூக்கிலும் புளிப்பு ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வேப்பிலை அந்தக் கண்றாவியின் மேல் மிதந்தது. என் மேல் எனக்கே வந்த அருவருப்பில் தலை நிமிரவே பிடிக்கவில்லை.

"சாமி சொம்புடி அது!" என்று கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். பெரியத்தை கத்தவில்லை. சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மெதுவாக மலர்ந்தது.

"அடியே. மாசமா இருக்கறியா?"

பிரபாகர் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"கல்லுமில்ல மண்ணுமில்ல. அதானா கண்ணு குழிஞ்சிருக்குது, வாய்க்குப் புடிக்கலங்கற? ஏ சுந்தரா, நேத்து ஊத்தினேன், இன்னிக்குக் காட்டிட்டாடி அம்மா! எங்கிட்ட எதுக்குடி மறைச்சிங்க?"

அத்தைக்கு வழி கிடைத்துவிட்டது. கல்லைக் காட்டு என்று கேட்கிற அக்காவிடமிருந்து தப்பிக்க ஒரு வழி. யோசிக்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"உறுதியா தெரிலக்கா. நாளு தள்ளிப் போயிருக்குது. அதான் வெளில சொல்லல."

"அத்தே!" என்றேன். அதோடு நுரை வந்து வாயை அடைத்தது.

சீ. இந்த ஒன்பது நாளில் எத்தனையோ பார்த்துவிட்டேன். வயிற்றில் செருகியிருந்த குழாயிலிருந்து பையில் ஒழுகிய சிவப்புத் தண்ணீர், படுக்கையிலேயே பாத்திரம் வைத்தது, நாலு நாள் வராத வெளிக்கு. எதுவும் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்றரை வருஷம் கருத்தரிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதை அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்தான்.

பெரியத்தை என் நெற்றியில் குங்குமம் வைத்தார். சந்தோஷத்தில் என் மூக்கிலெல்லாம் கொட்டியது. "பிரபா, ஹரிக்குப் போன் போடு."

"அங்க இப்ப ராத்திரி பன்னெண்டு தாண்டிட்டிருக்கும்மா."

"அப்பனாவப் போறவனுக்கு இன்னாடா தூக்கம்? போடு."

மணி அடித்து ஓய்ந்து யாரோ ஒரு பொம்பளை இங்கிலீஷில் பேசினாள். அவள் முடிக்கும் வரை பெரியத்தை பொறுமையாக இருந்துவிட்டு, போனை வாயருகே பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். "ஹரி! பெரிம்மா பேசறேன். உம் பொண்டாட்டி மாசமா இருக்கறா. அம்மன் கண்ணத் தொறந்துட்டா. வேலையெல்லாம் வுட்டுட்டு வா."

அத்தை தடுக்கவில்லை. தடுக்க ஒரு நிமிஷம் முழுசாக இருந்தது.

அப்போதுதான் இடது தோள்பட்டையில் அது ஆரம்பித்தது. முதலில் சுளுக்கு என்று நினைத்தேன். பிறகு மூச்சை இழுக்கும் போதெல்லாம் குத்தியது. கையை நெஞ்சில் வைத்தேன், நிற்காமல் படபடத்தது. மூன்றில் இரண்டு வந்துவிட்டது.

"தம்பி" என்றேன் பிரபாகரிடம். "கார எடு. திருப்பதி. உடனே."

அவன் என் முகத்தைப் பார்த்தான், மறுபேச்சு பேசவில்லை. நல்ல பிள்ளை.

காணிப்பாக்கம் கிராஸ் தாண்டும் வரை பெரியத்தை முன் சீட்டில் பேசிக்கொண்டே வந்தார். வளைகாப்பு எங்கே, பிள்ளைக்குப் பேர் என்ன, மொட்டை திருமலையிலா பாலசமுத்திரத்திலா. நான் பின் சீட்டில் பிளாஸ்டிக் கவரில் நுரை துப்பிக்கொண்டு வந்தேன். கவர் கனத்துக்கொண்டே வந்தது. அத்தை எனக்கு விசிறிவிட்டார். அந்தக் காற்றுகூட என் மேல் படக் கூடாது போலிருந்தது.

பூதலப்பட்டு அருகே பெரியத்தையின் பேச்சு நின்றது. விரல்கள் அசைவது தெரிந்தது. கட்டை விரலால் கணுக்கணுவாக எண்ணினார்.

"பிரபா. ஹரி எப்பப் போனான்?"

"போன வருசம் உகாதி முடிஞ்சி. ஏர்போர்ட்டுக்கு நான்தானே கொண்டு போய் விட்டேன்." சொன்ன பிறகுதான் பிரபாகருக்கும் உறைத்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சாலையைப் பார்த்தான்.

"நடுவுல வந்தானா?"

பிரபாகர் இல்லை என்று தலையசைத்தான்.

உகாதியிலிருந்து ஆடி வரை எண்ணிப் பார்த்தால் பதினாறு மாதம். பெரியத்தை சீட்டில் திரும்பி உட்கார்ந்தார். முதலில் என் வயிற்றைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தை. குங்குமம் வைத்த அதே கை, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டது.

"சுந்தரா. நாளு தள்ளிப் போயிருக்குதுன்னியே. எத்தினி நாளு?"

"இப்ப எதுக்குக்கா அதெல்லாம்" என்றார் அத்தை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அவ்வளவுதான். 'இல்லக்கா, நான் பொய் சொன்னேன்' என்ற நாலு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. மருமகள் மானம் போனாலும் போகட்டும், பெண்ணின் சம்பந்தம் நிற்க வேண்டும். நான் சொல்லியிருக்கலாம், வலியிலும் சொல்லியிருக்க முடியும். அவரே சொல்லட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். பாக்காலா தாண்டியது, சந்திரகிரி தாண்டியது. அவர் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னை டிராலியில் ஏற்றினார்கள். நாடி நூற்று இருபத்தெட்டு, காய்ச்சல் நூற்று ஒன்று. மூன்றில் மூன்றும் வந்துவிட்டது. என்னை அறுத்த டாக்டர் தியேட்டரில் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். டியூட்டியில் ஒரு சின்னப் பெண் டாக்டர்.

"ஏம் தாகாரம்மா?" என்ன குடித்தீர்கள் என்று கேட்டாள்.

"ஜாவே" என்றார் அத்தை, அவசரமாக.

"பலுச்சகானா?"

நீர்க்கத்தானா என்ற அந்தக் கேள்விக்கும் அத்தை தலையாட்டினார். பொறுக்காதவர் பெரியத்தைதான். கோபத்திலும் அவருக்குக் கூழின் மானம் பெரிது. "ஜாவயாம் ஜாவ. அம்மன் கூழு! நொய்யி போட்டு, வெங்காயம் போட்டு. தண்ணியையா நான் கொணாந்து குடுப்பேன்?"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்தது. முகம் மாறிவிட்டது. "உடனே ஸ்கேன் எடுக்கணும். டைங்கற சாய மருந்த குடிக்க வெச்சுப் பாக்கணும், தையல்ல கசியுதான்னு தெரியும். லீக் இருந்தா இன்னிக்கே திறக்கணும். லேட் பண்ண முடியாது."

தையல் என்ற சொல்லைப் பெரியத்தை கவனிக்கவில்லை. ஸ்கேன் அறை வாசலில் டெக்னீஷியன் பேப்பரை நீட்டி, எல்லாப் பெண்களையும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"கர்ப்பவதியா அம்மா?"

"ஆமா" என்றார் பெரியத்தை. குரலில் காலையில் இருந்த சந்தோஷம் துளியும் இல்லை. "யாரோடதா இருந்தாலும் உசுரு உசுருதான். அதுல கைய வெக்கக் கூடாது."

டெக்னீஷியன் பேனாவை மூடினான். "அப்படின்னா இந்த ஸ்கேன் புள்ளைக்கு ஆவாது, பெரிய டாக்டர் சார் வந்து கையெழுத்து போடணும். சார் தியேட்டர்ல இருக்கார். ஒரு மணி நேரம் ஆவும்." பிறகு அத்தையிடம் கேட்டான். "மீரு அத்தகாரா? நெஜமா?"

மாமியார் நீங்கள்தானே, உண்மையா என்று கேட்கிறான். ஒரு 'இல்லை' போதும். அத்தை என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். உதடு பிரிந்தது, மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

என் உள்ளே தையல் விட்டுக் கசிந்துகொண்டிருக்கலாம், இந்த அம்மாள் டல்லாஸ் மாப்பிள்ளையை நினைத்துக்கொண்டு நிற்கிறார். தூ! காறித் துப்பத்தான் தோன்றியது. துப்ப வேண்டியது வாயில் தயாராகவும் இருந்தது. கவரில் துப்பினேன். முழங்கையை ஊன்றி எழுந்து, நைட்டி பொத்தான்களை நானே அவிழ்த்து வயிற்றைக் காட்டினேன். பிரபாகர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஐந்து பிளாஸ்திரி. ஒன்றின் ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

"நல்லா பாருங்க பெரியத்தே. கல்லும் இல்ல, புள்ளையும் இல்ல. இளைக்கறதுக்காக இரைப்பைய வெட்டி எடுத்துக்கிட்டு இருக்கேன். அறுக்கறதுக்கு முன்னாடியே டெஸ்ட் எடுத்தாங்க, கர்ப்பம் இல்லன்னு ரிப்போர்ட் இங்கேயே இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சா பிரீத்தி சம்பந்தம் போயிடும்னு உங்க தங்கச்சி மறைச்சாங்க. நானும் வாயை மூடிட்டு இருந்தேன், அது என் தப்பு." டெக்னீஷியன் பக்கம் திரும்பினேன். "கர்ப்பம் லேது. ராசுகோ."

அவன் எழுதிக்கொண்டான். நான் கையெழுத்துப் போட்டேன்.

பெரியத்தை பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்திரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கா?" என்றார். "ஏண்டி சுந்தரா, இதுக்கா? எங்கிட்டச் சொல்லியிருந்தா நொய்ய வடிச்சிட்டு வெறும் தெளிவ ஒரு வாய் குடுத்திருப்பேனே. வெட்டின வயித்துல நானே ஊத்திட்டேனே, பாவி." நெற்றியில் அறைந்துகொண்டார். அறைந்த கை அப்படியே நின்றது. "ஐயய்யோ. ஹரிக்குப் போன்ல சொல்லிட்டேனேடி."

அந்த நேரத்தில்தான் அத்தையின் பைக்குள் போன் அடித்தது.

ஸ்பீக்கரில் போடாமல் அத்தைக்குப் பேசத் தெரியாது. பழக்கத்தில் பச்சையை அழுத்தி, ஸ்பீக்கரை அழுத்தி, கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

"ம்மா." என் கணவரின் குரல். "பெரிம்மா மெசேஜ் கேட்டேன். நெஜமா?"

அத்தை போனை அக்கா பக்கம் நீட்டினார்.

"சொல்லும்மா. யாரோடது?"

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. ஒன்பது நாளைக்கு முன்னால் ஆபரேஷன் அறைக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது வீடியோவில் கையாட்டினவர்தான். எட்டு வருஷம் என்னோடு வாழ்ந்தவருக்கு இந்தச் செய்தியைக் கேட்டுக் கேட்கத் தோன்றியது இந்த ஒன்றுதான். காலையிலிருந்து புரட்டிக்கொண்டிருந்த வயிறு அந்த நிமிஷம் அமைதியானது. இதற்குமேல் குமட்ட ஒன்றுமில்லை.

டெக்னீஷியன் ஒரு சின்னக் கப்பில் டையை நீட்டினான். மருந்து மூடி அளவுதான் இருக்கும், பெயின்ட் வாடை. சொட்டுச் சொட்டாக உறிஞ்சினேன். அவசரப்படவில்லை.

"ம்மா, காது கேக்குதா? யாரோடதுன்னு கேக்கறேன்" என்றது போன்.

டிராலி நகர்ந்தது. நான் எட்டி அத்தையின் முந்தானையைப் பிடித்தேன். வண்டியும் நின்றது.

"உங்க வாயிலதானே பொறந்துச்சு அத்தே" என்றேன். "யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க."

முந்தானையை விட்டேன். என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.